வெள்ளம் வடியும், நஞ்சு வடியாது

2019 மார்ச் 7, வியாழக்கிழமை. விடியுமுன் ஒரு டாங்கி லாரி மலேசியாவின் ஜொகூர் மாநிலம், பாசிர் கூடாங்கில் ஓடும் கிம் கிம் ஆற்றங்கரையில் நின்று, ஏற்றிவந்த இரசாயனக் கழிவை ஆற்றில் கொட்டிவிட்டுப் போனது. அன்று காலையே பாசிர் பூத்தே வட்டாரத்துப் பள்ளிப் பிள்ளைகள் மூச்சுத் திணறி, வாந்தியெடுத்து, வகுப்பறையிலிருந்து தூக்கிச் செல்லப்பட்டார்கள். அடுத்த இரண்டு நாள் வெள்ளியும் சனியும். ஜொகூரில் அப்போது அவைதான் வார விடுமுறை. திங்கட்கிழமை, மார்ச் 11, இரண்டாவது அலை அடித்தது. முதல் அலையைவிடப் பல மடங்கு பெரியது. புதன்கிழமை பாசிர் கூடாங்கின் 111 பள்ளிகளும் மூடப்பட்டன. எல்லாம் முடிந்தபோது மருத்துவமனையில் சேர்க்கப்பட்டோர் 2,775 பேர் என்றது கணக்கு. உடல்நலம் குன்றியவர்கள் ஆறாயிரத்தை ஒட்டி.

லாரியை அனுப்பியவர்களின் குற்றத்தைப் பற்றி இங்கே நான் எழுதப் போவதில்லை. அது நீதிமன்றத்துக்குப் போன விஷயம். நான் எடைபோட விரும்புவது ஏழாம் தேதிக்கும் பதினோராம் தேதிக்கும் இடைப்பட்ட நான்கு நாளை. கழிவைக் கொட்டியது லாரி. கொட்டியது ஆற்றிலேயே கிடந்ததற்கும், கரையில் குடியிருந்தவர்களுக்கு அது தெளிவாகச் சொல்லப்படாததற்கும் லாரி பொறுப்பல்ல.

இந்த நிகழ்வைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இரண்டு தீர்ப்புகள் காதில் விழும். அரசு அமைப்புகள் மெத்தனமாக இருந்தன என்பது ஒன்று. யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது, முடிந்தவரை செய்தார்கள் என்பது மற்றது. இரண்டும் எனக்குப் போதவில்லை. முதல் தீர்ப்பு, ஓடி ஓடி வேலை செய்த மருத்துவர்களுக்கும் தீயணைப்பு மீட்புத் துறையின் இரசாயனப் பிரிவு வீரர்களுக்கும் அநீதி. இரண்டாவது தீர்ப்பு, நோயுற்ற பிள்ளைகளுக்கு அநீதி. யாரும் சோம்பிக் கிடக்கவில்லை. ஆனால் செய்த வேலை வேறொரு பேரிடருக்கான வேலை. இதுதான் என் வாதம்.

ஜொகூர் வெள்ளம் கண்ட மாநிலம். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் வந்த பெருவெள்ளத்தில் கோத்தா திங்கி மூழ்கியதை இங்குள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீட்டைவிட்டு வெளியேறினார்கள். மலேசியாவின் பேரிடர் நிர்வாகமே பெரும்பாலும் வெள்ளத்தில் பயின்ற நிர்வாகம்தான். தேசியப் பாதுகாப்பு மன்றம் 1997இல் வெளியிட்ட 20ஆம் எண் ஆணை, பேரிடரை மூன்று படிகளாகப் பிரிக்கிறது: மாவட்டம், மாநிலம், கூட்டரசு. கீழ்ப்படியில் சமாளிக்க முடியாதபோது மேற்படி பொறுப்பேற்கும். வெள்ளத்துக்கு இது பொருந்தும் ஏணி. தண்ணீர் கண்ணெதிரே ஏறுகிறது, எந்தக் கம்பம் மூழ்கியது என்று எல்லாருக்கும் தெரிகிறது, படி உயர்த்த வேண்டிய நேரத்தைத் தண்ணீரே சொல்லிவிடுகிறது.

வெள்ளத்தில் பயின்ற நிர்வாகத்துக்கு ஒரு கைப்பழக்கம் உண்டு. நிவாரண மையம் திற. தலையை எண்ணு. உணவும் மருந்தும் கொடு. தண்ணீர் வடியும்வரை காத்திரு. பாசிர் கூடாங்கில் இது அப்படியே நடந்தது. உள்ளரங்க விளையாட்டரங்கம் மருத்துவ முகாம் ஆனது. ஜொகூர் பாருவின் சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனை கூட்டத்தைத் தாங்கியது. எண்ணிக்கை நாள்தோறும் வெளியானது. இந்த அளவில் சுகாதாரத் துறைக்கு நான் தயங்காமல் நல்ல மதிப்பெண் கொடுப்பேன். ஒரே வாரத்தில் ஆயிரக்கணக்கான பிள்ளைகளைப் பரிசோதித்துப் பிரித்துச் சிகிச்சை கொடுப்பது சின்ன வேலை அல்ல.

கடைசி உறுப்பில்தான் பழக்கம் காலை வாரியது. காத்திரு. வெள்ளம் காத்திருந்தால் வடியும். ஆற்றில் கிடக்கும் கரைப்பான் கழிவு வடியாது. வெயில் ஏறினால் ஆவியாகும், காற்று திரும்பினால் குடியிருப்புக்குள் நுழையும். முதல் நாள் நோயுற்றவர்கள் தேறியதும், நெடி குறைந்ததும், நெருக்கடி தணிந்தது போலத் தோன்றியிருக்க வேண்டும். அறிகுறி குறைந்ததைக் காரணம் நீங்கியதாக எடுத்துக்கொண்டார்கள். ஆறு முழுமையாகத் துப்புரவு செய்யப்படவில்லை. இடையில் வந்த வார விடுமுறையில் பள்ளிகள் காலியாகக் கிடந்ததால், எச்சரிக்கை மணிபோல் முதலில் துவளக்கூடிய பிள்ளைகளும் அங்கே இல்லை. இரண்டாவது அலைக்குப் பிறகுதான் ஒன்றரை கிலோமீட்டர் நீள ஆற்றுப்பகுதியை அள்ளித் துப்புரவாக்கும் பெரிய வேலை முடுக்கிவிடப்பட்டது. அதற்குப் பல மில்லியன் ரிங்கிட் செலவு. முதல் நாளில் செய்திருந்தால் இதில் எவ்வளவோ குறைவாக ஆகியிருக்கும் என்பதைச் சொல்ல நிபுணர் தேவையில்லை; மூன்றாம் நாள் அள்ளும் சேறு முதல் நாளைவிட அகலம்.

இனி, பேச்சுக்கு வருவோம். நெருக்கடியில் ஓர் அமைப்பு எப்படிப் பேச வேண்டும் என்பதற்கு அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் வகுத்த ஆறு நெறிகள் உலகெங்கும் பாடமாகச் சொல்லித் தரப்படுகின்றன. முதலில் பேசு, சரியாகப் பேசு, நம்பகமாக இரு, பரிவு காட்டு, மக்கள் செய்யக்கூடிய செயலைச் சொல், மரியாதை கொடு. இந்த ஆறையும் வைத்துப் பார்த்தால் பாசிர் கூடாங்கில் எங்கே பொத்தல் என்பது துலங்கும். பரிவுக்குக் குறையில்லை. அமைச்சர்கள் வந்தார்கள், துணைப் பிரதமர் வந்தார், பிரதமர் மகாதீர் மார்ச் 14 அன்று நேரில் வந்தார். அவசரநிலையோ மக்களை வெளியேற்றுவதோ இப்போதைக்குத் தேவையில்லை என்றார். அந்த முடிவு சரியாகவே இருந்திருக்கலாம். ஆனால் எந்த அளவீட்டின்மேல் நின்று அந்த முடிவு எடுக்கப்பட்டது என்பது ஆற்றங்கரையில் வசித்தவர்களுக்குச் சொல்லப்படவில்லை. வெளியேறத் தேவையில்லை என்றால், எந்த நிலை வந்தால் தேவைப்படும்? சன்னலைத் திறக்கலாமா, மூட வேண்டுமா? கொடியில் உலர்ந்த துணியை உடுத்தலாமா? ஆற்று மீனைத் தின்னலாமா? நெஞ்சு எரிந்தால் எத்தனை மணி நேரம் பொறுக்கலாம்? ஒரு தாய் கேட்கும் கேள்விகள் இவை.

அவர்களுக்குக் கிடைத்ததோ இரண்டு பட்டியல். ஒன்று, மருத்துவமனைக்குப் போனவர்களின் எண்ணிக்கை. மற்றொன்று, இரசாயனப் பெயர்கள்: அக்ரோலீன், அக்ரிலோனைட்ரைல், பென்சீன், டொலுயீன், சைலீன். இவற்றை வெளியிட்டதை நான் குறைசொல்லவில்லை. மறைத்திருந்தால்தான் பெருங்குற்றம். ஆனால் அளவு தெரியாத நஞ்சுப் பெயர் தகவல் ஆகாது. அது அச்சுறுத்தும் சொல் மட்டுமே. பெயர் வந்த அன்றே அது காற்றில் எவ்வளவு இருந்தது, பிள்ளையின் உடலுக்கு அந்த அளவு என்ன செய்யும், எப்போது அது விலகும் என்பதும் சேர்ந்து வந்திருக்க வேண்டும். அது வராத இடத்தை வாட்சாப் நிரப்பியது. வதந்தி பரப்பாதீர்கள் என்று எச்சரிக்கை வந்தது. வதந்தியைக் கண்டிப்பது எளிது. அது குடியேறிய வெற்றிடத்தை யார் விட்டுவைத்தார்கள்?

இந்தப் பேச்சுக் குறையை வழக்கமாக ஊடகத் தொடர்புப் பிரிவின் தலையில் வைத்துக் கட்டுவார்கள். அதை நான் ஏற்கவில்லை. அன்று பேசியவர்களிடம் பேசுவதற்குரிய அறிவே கையில் இல்லை. மலேசியாவின் காற்று மாசுக் குறியீடு ஆறு பொருள்களை அளக்கிறது: இருவகை நுண்துகள், கந்தக டையாக்சைடு, நைட்ரஜன் டையாக்சைடு, கார்பன் மோனாக்சைடு, தரைமட்ட ஓசோன். சுமத்ராவிலிருந்து வரும் புகைமூட்டத்துக்கு இது ஏற்ற கருவி. மேலே சொன்ன பெயர்களில் ஒன்றுகூட அந்த ஆறில் இல்லை. குறியீடு சாதாரணமாக இருக்கும்போதே பிள்ளைகள் மயங்கி விழலாம். அந்தக் கருவி பொய் சொல்லவில்லை, அதனிடம் அந்தக் கேள்வியே கேட்கப்படவில்லை. 250க்கும் மேற்பட்ட இரசாயன ஆலைகள் இயங்கும் ஒரு பட்டணத்தில், ஆலை ஆவிகளை நாள்தோறும் அளந்து சொல்லும் பொதுக் கருவி அப்போது இல்லாதது மார்ச் 7 அன்று உண்டான குறை அல்ல. 1977இல் துறைமுகம் திறந்த காலத்திலிருந்து ஆலைமேல் ஆலையாக அடுக்கிக்கொண்டே வந்த ஒவ்வோர் ஆண்டின் குறை. நெருக்கடித் தொடர்பு என்பது நாவன்மை என்று நினைக்கும் நிறுவனங்கள் இந்த இடத்தில்தான் வழுக்கி விழுகின்றன. அளக்காததைச் சொல்ல முடியாது.

இங்கே ஒரு மறுப்பு வரும். பாசிர் கூடாங்கில் திட்டமே இல்லையா? இருந்தது. பெருந்தொழில் விபத்துகளைக் கட்டுப்படுத்தும் 1996ஆம் ஆண்டு விதிமுறைகள், ஆபத்தான அளவு இரசாயனம் வைத்திருக்கும் ஆலை அவசரத்திட்டம் வைத்திருக்க வேண்டும், சுற்றியுள்ள மக்களுக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்கின்றன. ஆலைகள் ஒன்றுக்கொன்று உதவிக்கொள்ளும் அவசர உதவிக் கூட்டமைப்பும் பாசிர் கூடாங்கில் உண்டு. போபால் நச்சு வாயுக் கசிவுக்குப் பிறகு உலகம் கற்றுக்கொண்ட பாடங்களின் வழியில் வந்தவை இவை. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் ஆலையின் வேலிதான் எல்லை. வெடித்தால் இன்ன ஆலை, கசிந்தால் இன்ன தொட்டி, பொறுப்பு இன்னார் என்று முகவரி இருக்கும் ஆபத்துக்கான திட்டம் அது. இரவில் ஒரு லாரி எவருக்கும் சொந்தமில்லாத ஆற்றில் கொட்டிவிட்டுப் போனால், தொட்டியும் இல்லை, ஆலையும் இல்லை, கதவைத் தட்டிக் கேட்க ஆளும் இல்லை. அபாயகரமானது எனச் சட்டம் பட்டியலிட்ட அட்டவணைக் கழிவு ஆலையைவிட்டுப் புறப்பட்டு, அழிக்கும் இடத்தைச் சேரும்வரை போகும் பாதைதான் இந்த ஏற்பாட்டின் மிகப் பலவீனமான கண்ணி. கிம் கிம் அறுந்தது அங்கே.

வணிகக் கல்லூரிகளில் நெருக்கடி மேலாண்மை என்றாலே 1982இன் டைலனால் கதையைத்தான் சொல்வார்கள். சிகாகோ வட்டாரத்தில் நஞ்சு கலந்த மாத்திரையால் ஏழு பேர் இறந்தார்கள். ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் மூன்று கோடிப் புட்டிகளுக்கு மேல் திரும்பப் பெற்றது. நல்ல எடுத்துக்காட்டுதான். ஆனால் அதைப் பாசிர் கூடாங்கில் பொருத்திப் பார்ப்பது தவறு. மாத்திரையைக் கடையிலிருந்து எடுத்துவிடலாம், காற்றை எடுக்க முடியாது. அங்கே தன் பெயரைக் காக்க ஒரு நிறுவனம் இருந்தது. இங்கே ஆற்றின் பெயரைக் காக்க யாரும் இல்லை. நமக்கு நெருங்கிய பாடம் போபால். 1984 டிசம்பர் 2 நள்ளிரவில் நச்சு வாயு பரவியபோது, ஊரை எச்சரிக்கும் சங்கு சற்று ஒலித்ததும் நிறுத்தப்பட்டது. மூச்சுக்குத் தவித்தவர்களைக் கவனித்த மருத்துவர்களுக்கு, தாங்கள் எதற்கு மருந்து கொடுக்கிறோம் என்பதே தெரியாது. ஈரத் துணியால் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தால் பலர் பிழைத்திருக்கலாம் என்பது பிறகு பலமுறை சொல்லப்பட்டது. ஈரத் துணிக்கு என்ன செலவு? சொல்ல ஆளில்லை, அவ்வளவுதான். முப்பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 2023 டிசம்பர் 26 இரவில், சென்னை எண்ணூரில் கோரமண்டல் நிறுவனத்தின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோதும், பெரியகுப்பம் மக்களை எழுப்பியது அவர்கள் மூக்குதான். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள்.

பீதி உண்டாகிவிடும் என்ற அச்சத்தால்தான் அதிகாரிகள் அளந்து பேசுகிறார்கள் என்பது இன்னொரு வாதம். நியாயமான கவலைதான், அதை அலட்சியமாகத் தள்ளக்கூடாது. ஆனால் பேரிடர்ச் சமூகவியலில் வாழ்நாளைச் செலவிட்ட என்ரிக்கோ குவாரன்டெல்லியின் ஆய்வுகள் காட்டியது வேறு. ஆபத்தில் மக்கள் தறிகெட்டு ஓடுவது அரிது. பெரும்பாலும் ஒருவரையொருவர் தேடி உதவுகிறார்கள். பீதியைப் பற்றிய பீதிதான் நிர்வாகத்தில் மிகுதி. பாசிர் கூடாங்கிலேயே பார்க்கலாமே. பெற்றோர் பள்ளி வாசலுக்கு ஓடியது பீதியா? பிள்ளை மூச்சுத் திணறுகிறது என்று கேள்விப்பட்ட எவரும் செய்வது அது. நோயுற்றவர்களில் ஒரு பகுதியினருக்கு அச்சமே அறிகுறியாக வெளிப்பட்டிருக்கலாம் என்போரும் உண்டு. அப்படியே வைத்துக்கொண்டாலும், அந்த அச்சத்துக்கான மருந்தும் தெளிவான தகவல்தான். வாதம் திரும்பி வந்து அதே இடத்தில் நிற்கிறது.

முன்னனுபவம் இல்லாத நாடு அல்ல இது. 1998 இறுதியில் பேராக்கில் பன்றிப் பண்ணைகளைச் சுற்றி மூளைக்காய்ச்சல் பரவியபோது, அது ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முடிவுகட்டி, கொசுமருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். அந்த நோய் அதிகம் தாக்குவது பிள்ளைகளை. இங்கே விழுந்தவர்கள் பண்ணையில் வேலை செய்த பெரியவர்கள், தடுப்பூசி போட்டவர்களும் விழுந்தார்கள். கண்முன் இருந்த சான்று, எடுத்த முடிவோடு மோதியது. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் நிபா வைரஸைக் கண்டுபிடித்த பிறகே பாதை திருந்தியது. அந்தப் பரவலில் மொத்தம் நூறு உயிருக்குமேல் போயிற்று. பிறகு 2014 மார்ச் 8இல் எம்எச்370 காணாமல் போனது. விமானம் எங்கே திரும்பியது என்பதில் முன்னுக்குப்பின் முரணான தகவல்கள், கடைசியில் குடும்பங்களுக்குக் குறுஞ்செய்தியில் வந்த மரணச் செய்தி. தெரிந்ததையும் தெரியாததையும் பிரித்துச் சொல்லத் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடக் கொடிய பாடம் வேண்டுமா? கிம் கிம் நடந்தது ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் கழித்து.

அப்படியானால் இந்த நாட்டு நிர்வாகத்துக்குப் பேசவே வராது என்று எழுதிவிடலாமா? கூடாது. 2020இல் கோவிட் வந்தபோது சுகாதாரத் தலைமை இயக்குநர் டாக்டர் நோர் ஹிஷாம் அப்துல்லா நாள்தோறும் மாலையில் திரையில் தோன்றினார். புதிய தொற்று எவ்வளவு, தீவிரச் சிகிச்சையில் எத்தனை பேர், எந்தக் கொத்து எங்கிருந்து கிளம்பியது, நாளை நீங்கள் என்ன செய்ய வேண்டும். ஒரே குரல், ஒரே நேரம். வீடுகள் அந்த நேரத்துக்குக் காத்திருந்தன. பாசிர் கூடாங்குக்கு ஓராண்டுதான் இடைவெளி. அதே நாடு, அதே அமைச்சு. வேறுபாடு எங்கே? கோவிட்டில் சுகாதார அமைச்சின் கையில் சோதனைக் கருவி இருந்தது, அளக்கத் தெரிந்தது, அளந்ததை அப்படியே சொன்னது.

பாசிர் கூடாங்குக்கே திரும்பினால், ஜூன் மாதம் இந்த வாதத்துக்கு மிகக் கசப்பான சான்று தந்தது. 2019 ஜூன் 20 வாக்கில் பாசிர் கூடாங் பிள்ளைகள் மறுபடி மூச்சுத் திணறி, வாந்தியெடுத்தார்கள். இம்முறை லாரியும் இல்லை, கொட்டிய இடமும் கண்ணில் படவில்லை. மழலையர் பள்ளிகள் உட்பட 475 கல்வி நிலையங்கள் மூடப்பட்டன. மார்ச்சில் மந்திரி பெசாராக, அதாவது மாநில முதல்வராக, இருந்தவர் ஓஸ்மான் சாப்பியான். ஜூனில் டாக்டர் சஹ்ருடின் ஜமால், ஒரு மருத்துவர். சுற்றுச்சூழலுக்குப் பொறுப்பான கூட்டரசு அமைச்சர் இயோ பீ யின், இரசாயனப் பொறியியல் படித்தவர். துறையறிவு இல்லாதவர்கள் தலைமையில் இருந்தார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. எல்லாப் பள்ளிகளையும் மூடியதில் மார்ச்சின் பாடம் தெரிகிறது. அதற்குரிய பாராட்டைக் கொடுத்துவிட வேண்டும். ஆனால் எதனால், எங்கிருந்து என்ற கேள்விக்கு ஐயமறப் பதில் சொல்லும் கருவி அந்த மூன்று மாதத்தில் பாசிர் கூடாங்குக்கு வந்து சேரவில்லை. மூடத் தெரிந்தது. எப்போது, எதை நம்பித் திறப்பது என்பதைப் பெற்றோருக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஆகவே என் தீர்ப்பைப் பிரித்தே எழுதுகிறேன். மருத்துவச் சேவை தேறியது, சிறப்பாகவே. கல்வி அமைச்சு முதல் முறை தாமதித்து, இரண்டாம் முறை விரைந்து செயல்பட்டது, தேறியது. சுற்றுச்சூழல் நிர்வாகம் தவறியது; முதல் நாளே ஆற்றைத் துப்புரவாக்காமல் விட்டதில் தவறியது, அதற்கு முந்தைய நாற்பது ஆண்டுகள் அளக்காமல் விட்டதில் இன்னும் பெரிதாகத் தவறியது. மக்களோடு பேசியதில் அமைச்சர்களின் நல்லெண்ணத்தை நான் ஐயப்படவில்லை. ஆனால் நல்லெண்ணத்துக்கு இங்கே மதிப்பெண் கொடுக்க இயலாது. கிம் கிம் ஓரத்தில் வலைவீசிப் பிழைத்த மீனவர்களுக்கு, மீனை விற்கலாமா கூடாதா என்று முதல் நாளே யாரேனும் சொல்லியிருந்தால், அது நூறு வருகைகளுக்குச் சமம்.

பிறகு நடந்தவற்றில் பெரியது சட்டம். 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் திருத்தப்பட்டு, 2024 முதல் உச்ச அபராதம் ஒரு கோடி ரிங்கிட்வரை உயர்ந்திருக்கிறது. முன்பு அட்டவணைக் கழிவைக் கண்ட இடத்தில் கொட்டுவதற்கு உச்ச அபராதம் ஐந்து லட்சம் ரிங்கிட். ஒழுங்காக அழிக்கும் செலவோடு ஒப்பிட்டுப் பார்த்துக் கொட்டத் துணிபவனுக்கு ஒரு கோடி என்பது கணக்கை மாற்றும் தொகை. இதை முழு மனத்தோடு வரவேற்கிறேன். ஆனால் அபராதம் கொட்டியவனிடம் பேசும் மொழி. ஆற்றங்கரையில் இருப்பவரிடம் அது எதையும் சொல்லாது.

பாசிர் பூத்தேயில் ஒரு தாய் இன்று காலை பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புமுன் கைப்பேசியில் காற்று மாசுக் குறியீட்டைத் திறந்தால், ஓர் எண்ணைக் காண்பாள். புகைமூட்டம் இல்லாத நாளில் அது நீலத்திலோ பச்சையிலோ இருக்கும். துகள், கந்தகம், ஓசோன் போன்றவற்றைத் தனித்தனியே கணக்கிட்டு, அவற்றில் மிக உயர்ந்ததை எடுத்துக் காட்டும் எண் அது. அக்ரோலீன் அதில் இல்லை.